பங்கு

தாளாளர் என் மேசையில் வைத்துவிட்டுப் போன தாளில்
ஒரு வரிதான் இருக்கிறது:
'வளரும் நாட்டில் தனியார் பள்ளிகளின் பங்கு.'
கீழே பச்சை மையில்: நாலு பக்கம். நாளைக்குள்.
ஆண்டு விழாவுக்குக் கலெக்டர் வருகிறாராம்.

கட்டண ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
பதினோரு வருஷமாக ரசீது போடுகிறேன்.
எனக்குத் தெரிந்த பங்கு:
அண்ணனுக்கு நாற்பது, தம்பிக்கு முப்பத்தைந்து,
மீதி மச்சினன் பேரில்.

பள்ளிக்கூடம் ஆவதற்கு முன்னால் இது சேகோ ஆலை.
ஆத்தூர் ரோட்டில் கிழங்கு லாரிகள் காத்துக் கிடந்த இடத்தில்
மஞ்சள் வேன்கள் நிற்கின்றன.
ஜவ்வரிசி காய்ந்த களத்தில்தான் காலை வழிபாடு.
சித்திரை வெயிலில் சிமென்ட் சூடேறினால்
புளித்த மாவு வாசம் இன்னும் எழும்.
புதுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.
ஒரு மாதத்தில் பழகிவிடும்.

'அரசே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது'
என்று ஆரம்பித்தேன்.
பொய்யில்லை.
நான் படித்த அரசுப் பள்ளிக்கு
இயற்பியல் வாத்தியார் மூன்று வருஷம் வரவே இல்லை.
காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து
வரலாறு குரூப் எடுத்தவள் நான்.

ஜன்னலில் நிழல்.
லீ பஜாரில் மூட்டை தூக்கும் அங்கமுத்து.
மகளுக்கு ரெண்டாம் தவணை.
நோட்டிலிருந்த மஞ்சள் தூள் என் விரலில் ஒட்டியது.
ரசீதை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.
"இதரம்னு ஐந்நூத்தம்பது போட்டிருக்கே, அது என்னங்க?"
எனக்கும் தெரியாது என்று சொல்வதற்கு
எனக்குச் சம்பளமில்லை.
"ஸ்மார்ட் கிளாஸுங்க" என்றேன்.
மகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பதை
அங்கேயே நின்று கொஞ்சம் நினைத்துப் பார்த்தார் போல.
முகம் தெளிந்து போனார்.

'தரமான கல்வி' என்று தட்டினேன்.
தரம் பிரிப்பது இந்தக் களத்துக்குப் புதிதில்லை.
கிழங்கை அரைத்துப் பால் தெளியவைத்து
குலுக்கிச் சலித்தால்
ஒரே அளவு மணிகள் மூட்டைக்கு,
திப்பி மாட்டுக்கு.
காலாண்டு முடிந்ததும் நாங்களும் சலிக்கிறோம்.

போன வருஷம் பத்தாம் வகுப்பில் சென்றாயன்.
ஏற்காட்டுக்கும் மேலே வீடு, இங்கே விடுதி.
கணக்கில் இருபத்தெட்டு.
எங்கள் நூறு சதவீதத்துக்கு அவன் ஒருத்தன் குறுக்கே நின்றான்.
மாற்றுச் சான்றிதழில் 'காரணம்' என்ற இடத்தில்
'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்றிருப்பது
என் கையெழுத்து.
மிளகுத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்த வெள்ளச்சி
விருப்பம் எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.
மலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு
என்று மட்டும் கேட்டாள்.

மே மாதம் அலுவலக வாட்ஸப்பில் ஒரு படம்.
அரசு மேல்நிலைப் பள்ளி. மதிப்பெண் பட்டியல்.
கணக்கு முப்பத்தொன்பது, தேர்ச்சி.
கூட ஒரு வார்த்தை இல்லை.
நான் அழிக்கவில்லை. பதிலும் போடவில்லை.
ரெண்டு டிக்கும் நீலமானதை
அவன் பார்த்திருப்பான்.

என் மகளும் இங்கேதான், பதினொன்று 'அ' பிரிவு,
ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம்.
அவளுக்கு இயற்பியல் வாத்தியார் இருக்கிறார்.
நன்றாக நடத்துகிறாராம்;
ஒளிவிலகலை அவள் எனக்கே விளக்கினாள்,
தம்ளர் தண்ணீரில் ஸ்பூனைப் போட்டு.
அவர் சம்பளம் பதினாலாயிரம்.
பாதி வருஷத்தில் ஓடிவிடாமலிருக்க
அவருடைய அசல் சான்றிதழ்கள் என் பீரோவில்.
சாவி என் இடுப்பில்.

மூன்று பக்கம் ஆகிவிட்டது.
தியாகம் வந்தாயிற்று, தொண்டு வந்தாயிற்று,
நாட்டின் தூண்களும் ஒரு பத்தி நின்றாயிற்று.
வேன்கள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.
நாலாம் பக்கத்துக்கு
'இதரம்' என்று தலைப்புப் போட்டுவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.